மண்வெட்டியை எரித்த தேவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுவே முதல்முறை. நான் தூத்துக்குடியில் ஒரு சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவன். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும் முன்பே எனக்கு மனப்பாடமான வசனம் ‘ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்’ என்பது. சில வாரங்களுக்கு முன் யூடியூபில் ஒரு காணொளியைப் பார்த்தேன். ஆதியாகமத்தில் உள்ள படைப்பும் வெள்ளமும் பாபிலோனியரிடமிருந்து திருடப்பட்டவை என்று களிமண் பலகைகளின் படங்களைக் காட்டி ஒருவர் பேசினார். அன்றிலிருந்து ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. போதகரிடம் கேட்டபோது, உண்மையான வேதம் வருவதற்கு முன்பே சாத்தான் போலியை உலவவிட்டிருந்தான் என்று சொல்லி முடித்துவிட்டார். அலுவலக நண்பரோ, ரிக் வேதத்தின் நாசதீய சூக்தம் என்ற படைப்புப் பாடல் பெருவெடிப்பையே சொல்லிவிட்டது, உங்கள் புத்தகத்தில் ஏழு நாள் கணக்குதானே இருக்கிறது என்று கேலி செய்தார். ஒரு நாள் என்பதை ஒரு யுகம் என்று பொருள்கொண்டால் அறிவியலோடு ஒத்துப்போகும் என்று எங்கோ படித்தேன். அது சரியா? முதல் அதிகாரத்தில் ஒரு விதமாகவும் இரண்டாம் அதிகாரத்தில் வேறு விதமாகவும் படைப்பு சொல்லப்படுவது ஏன்?

இவற்றையெல்லாம்விட என்னை வாட்டுவது வேறு. என் மகளுக்கு ஒன்பது வயது. ஞாயிறு பள்ளித் தேர்வுக்காக ஏழு நாள் படைப்பையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தவள், “சூரியனே நாலாவது நாள்தான் வந்துச்சுன்னா, அதுக்கு முன்னாடி மூணு நாள் எப்படிப்பா நாளாச்சு?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?

எஸ்., தூத்துக்குடி

*

அன்புள்ள எஸ்.,

இத்தகைய கடிதங்களுக்கு நான் பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. ஆனால் உங்கள் கடிதம் வந்தபோது, படைப்புக் கதைகளில் வேலை செய்பவர் யார், வேலை வாங்குபவர் யார் என்ற கேள்வியோடு பாபிலோனியக் காவியங்களைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்காத கேள்வி அது. அதையே நீங்கள் கேட்டிருக்க வேண்டும் என்று நினைப்பதால் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மகள். அவள் கேட்டதை மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஓரிகன் கேட்டிருக்கிறார். சூரியனும் சந்திரனும் விண்மீன்களும் இல்லாமல் முதல் மூன்று நாட்களுக்கு மாலையும் காலையும் இருந்தன என்பதை எழுத்துக்கு எழுத்து நடந்ததாக அறிவுள்ள எவர் எடுத்துக்கொள்வார் என்று அவர் எழுதினார். ஓரிகன் அவநம்பிக்கைவாதி அல்லர். திருச்சபையின் முதல் பெரும் வேத விளக்கவுரையாளர்களில் ஒருவர். அவருக்கு இருநூறு ஆண்டுகள் கழித்து ஆதியாகமத்துக்கு உரை எழுதிய அகுஸ்தீன், வானத்தையும் பூமியையும் பற்றி ஒன்றும் தெரியாத கிறிஸ்தவர்கள் வேதத்தின் பெயரால் உளறும்போது கேட்பவர்கள் சிரிப்பது வேதத்துக்கே இழுக்கு என்று கடிந்துகொண்டார். ஆகவே உங்கள் மகள் நல்ல கூட்டத்தில் இருக்கிறாள். எழுந்து போனவர் நீங்கள். இன்றைக்கே அவளிடம் போய், இந்தக் கேள்வியைப் பெரிய பெரிய ஆட்களெல்லாம் கேட்டிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். ஒன்பது வயதுக்கு அது போதும்; பதிலைவிட அந்தத் துணை அவளுக்குத் தேவை.

உங்கள் போதகர் சொன்ன பதிலும் புதிதில்லை. இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்ற மறைசாட்சி கிரேக்கப் புராணங்களைப் பற்றி இதையேதான் சொன்னார்: வரப்போவதை அறிந்த பேய்கள் முன்கூட்டியே போலி செய்துவைத்தன என்று. அன்றைக்கு அது ஒரு வாதம். களிமண் பலகைகளை யார் வேண்டுமானாலும் மொழிபெயர்ப்பில் படிக்கக்கூடிய இந்தக் காலத்தில் அதைச் சொல்வது சோம்பல்.

இனி அந்தக் காணொளி. அதில் பேசியவர் தாமே கண்டுபிடித்தவர்போலப் பேசியிருப்பார். செய்தி நூற்றைம்பது ஆண்டுப் பழையது. நினிவே நகரின் இடிபாடுகளில், கி.மு. ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட அசீரிய அரசன் அசூர்பானிபாலின் நூலகத்தை ஆஸ்டன் ஹென்றி லேயார்டும் மொசூலில் பிறந்த ஹொர்முஸ்த் ரஸ்ஸாமும் 1850-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோண்டியெடுத்தார்கள். உடைந்த பலகைகள் பெட்டி பெட்டியாக லண்டனுக்குப் போயின. அவற்றைப் படித்தறிந்த ஜார்ஜ் ஸ்மித் பல்கலைக்கழகம் எதிலும் படித்தவரல்லர். பணத்தாள் அச்சுக்குத் தகடு செதுக்கும் தொழிலாளி. மதிய உணவு இடைவேளையில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய் அந்தப் பலகைகளின் ஆப்பெழுத்தைத் தாமே கற்றவர். 1872 டிசம்பர் 3 அன்று வெள்ளக் கதையை அவர் லண்டனில் வாசித்துக் காட்டியபோது பிரதமர் கிளாட்ஸ்டன் அவையில் இருந்தார். நான்கு ஆண்டுகளில் படைப்புக் கதையின் துண்டுகளையும் வெளியிட்டார். அதே 1876-இல், மீண்டும் கிழக்கே சென்றபோது, முப்பத்தாறு வயதில் அலெப்போவில் நோயுற்று இறந்தார்.

இந்தச் செய்தி திருட்டுக் குற்றச்சாட்டாக மாறியதற்குத் தனியே ஒரு வரலாறு உண்டு. 1902 ஜனவரியில் பெர்லினில், ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்லியம் முன்னிலையில், பிரீட்ரிக் டெலிட்ச் என்ற அசீரியவியல் அறிஞர் பாபிலோனையும் பைபிளையும் ஒப்பிட்டு ஓர் உரை நிகழ்த்தினார். பைபிளில் உள்ளவற்றின் மூலம் பாபிலோன் என்பது அதன் சாரம். பெரும் கூச்சல் எழுந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அவருடைய குரல் மாறிக்கொண்டே போயிற்று. முதல் உலகப் போருக்குப் பின் அவர் எழுதிய நூல், பழைய ஏற்பாடே ஒரு மாபெரும் ஏமாற்று என்றும் அதைக் கிறிஸ்தவர்கள் கைவிட வேண்டும் என்றும் சொன்னது. யூதர்களிடம் சொந்தமாக ஒன்றும் இல்லை, எல்லாம் இரவல் என்று நிறுவும் வேட்கை அதில் வெளிப்படையாகவே இருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த நாட்டில் அந்த வேட்கை எங்கே போய் முடிந்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் காணொளிக்காரருக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. தெரியாமலேயே அந்தப் பழைய நஞ்சை அவர் பரிமாறுகிறார். நீங்களும் அருந்திவிட்டுத் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அந்தக் காலத்து மேற்காசியாவில் கதைகளுக்குப் பட்டா கிடையாது. ‘எனூமா எலிஷ்’ என்ற பாபிலோனியப் படைப்புக் காவியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாபிலோனின் தலைமைத் தெய்வமான மர்துக் செய்யும் வீரச்செயல்களில் பல, அவனுக்கு முன்பு நினுர்த்தா என்ற தெய்வத்துக்கு உரியவையாக இருந்தவை. பின்னர் அசீரியர் அதே காவியத்தைப் படியெடுத்தபோது மர்துக்கை நீக்கிவிட்டுத் தங்கள் தெய்வமான அசூரை அந்த இடத்தில் வைத்தார்கள். கடலோடு தெய்வம் பொருதும் கதை பாபிலோனுக்கு மட்டும் உரியதும் அல்ல. சிரியக் கடற்கரையில் உகாரித் நகரத்தை 1929 முதல் தோண்டியபோது கிடைத்த பலகைகளில் பாகால் என்ற தெய்வம் கடலை வெல்கிறான். சங்கீதம் 74-இல் லிவியாதான் என்ற கடல்விலங்கின் தலைகளைக் கர்த்தர் நசுக்குவதாக வருவது இந்தக் கானானிய உறவிலிருந்து. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்துக்கு வந்தால் அந்தப் போர் மறைந்துவிடுகிறது. ஐந்தாம் நாளில், பிற மீன்களோடு மீன்களாக, ‘மகா மச்சங்களையும்’ தேவன் படைக்கிறார். படைத்தவனை எதிர்த்து நின்ற பகைவன் அங்கே வெறும் மீனாகிவிட்டான். இப்படி மாற்றிச் சொன்னவனைத் திருடன் என்பதா? ஒருவன் எங்கிருந்து எடுத்தான் என்று கேட்பது தொடக்கம் மட்டுமே. எதை மாற்றினான், ஏன் மாற்றினான் என்று கேட்கும்போதுதான் வாசிப்பு தொடங்குகிறது. காணொளி அந்த வாசலிலேயே நின்றுவிட்டது. நீங்களும் அங்கேயே நின்றுவிட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

எனூமா எலிஷின் சுருக்கம் இது. தொடக்கத்தில் நன்னீரான அப்சுவும் உப்புநீரான தியாமத்தும் கலந்து கிடக்கின்றன. அவற்றிலிருந்து தெய்வங்கள் பிறக்கின்றன. தலைமுறைகளுக்கு இடையே பகை மூள்கிறது. மர்துக் தியாமத்தைக் கொன்று, கருவாட்டுக்கு மீனைப் பிளப்பதுபோல இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை வானமாக நிறுத்தி, நீர் கீழே கொட்டிவிடாதபடி தாழிட்டுக் காவலும் வைக்கிறான். அவள் கண்களிலிருந்து யூப்ரதீசும் டைகிரிசும் ஓடுகின்றன. அவள் படைக்குத் தலைமை தாங்கிய கிங்குவின் இரத்தத்தால் மனிதன் செய்யப்படுகிறான். எதற்காக? தெய்வங்களின் பணிச்சுமையை அவன் தலையில் ஏற்றிவிட்டு அவர்கள் ஓய்வெடுப்பதற்காக. காவியம் இதை மறைக்கவில்லை; பெருமையாகச் சொல்கிறது. பாபிலோனின் புத்தாண்டு விழாவில் நான்காம் நாள் மாலை மர்துக்கின் சிலைக்கு முன்னால் பூசாரி இதை ஓதினார் என்று சடங்கு ஏடு ஒன்று கூறுகிறது. ஆண்டுதோறும் ஓதப்பட்ட செய்தி, உழைப்பவன் உழைப்பதற்காகவே உண்டாக்கப்பட்டான் என்பது.

இதைவிடப் பழையது அத்ராஹசிஸ் என்ற காவியம். கி.மு. பதினேழாம் நூற்றாண்டில், ஹமுராபியின் வழித்தோன்றலான அம்மிசதூகாவின் ஆட்சியில் படியெடுத்த பலகைகள் கிடைத்துள்ளன. லாம்பர்ட், மில்லார்ட் என்ற இருவர் சிதறிக் கிடந்த துண்டுகளைச் சேர்த்து 1969-இல் பதிப்பித்தபோதுதான் கதையின் முழு வடிவம் தெரிந்தது. நான் படித்த படைப்புக் கதைகளில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்ல மாட்டேன். மனிதர் தோன்றும் முன்பு தெய்வங்களே மண் வெட்டின. தெய்வங்களுக்குள்ளும் இரண்டு வகுப்பு: மேலே என்லிலும் அவனையொத்த பெரியவர்களும், கீழே இகிகி என்ற சிறு தெய்வங்களும். யூப்ரதீசையும் டைகிரிசையும் வெட்டியவர்கள் இந்த இகிகிகள். கால்வாய் தூர்ந்தால் வாரியவர்களும் அவர்களே. பல காலம் இரவும் பகலும் உழைத்து முனகிய பிறகு, ஒருநாள் மண்வெட்டிகளையும் மண்கூடைகளையும் தீயில் போட்டுவிட்டு, நள்ளிரவில் என்லிலின் வீட்டைச் சூழ்ந்துகொள்கிறார்கள். அச்சத்தால் நிறம் வெளுத்த என்லில் தன் அமைச்சனை வாசலுக்கு அனுப்பி, இதைத் தூண்டியவன் யார் என்று கேட்கச் சொல்கிறான். வாசலில் இருந்து வரும் பதில்: நாங்கள் ஒவ்வொருவரும்தான்.

உலக இலக்கியத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய வேலைநிறுத்தம் இதுவாக இருக்கலாம். செய்தவர்கள் தெய்வங்கள். முடிவு என்ன ஆகிறது பாருங்கள். அவர்கள் உழைப்பு கடுமையானது, அவர்கள் அழுகுரலை நாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம் என்று பெரியவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொண்டு, வேலையைப் பங்கிட்டுக்கொள்வதற்குப் பதிலாக, வேறு ஓர் இனத்தை உண்டாக்கி அதன் முதுகில் ஏற்றுகிறார்கள். கலகத்துக்கு மூளையாக இருந்த தெய்வத்தை அறுத்து, அவன் சதையையும் இரத்தத்தையும் களிமண்ணில் பிசைகிறார்கள். எல்லாத் தெய்வங்களும் அந்த மண்ணில் எச்சில் உமிழ்கிறார்கள். தாய்த் தெய்வம் மனிதனை வார்த்தெடுத்து, உங்கள் கூடையை இவன் தலையில் வைத்துவிட்டேன் என்று அறிவிக்கிறாள். பிறகு மனிதர் பெருகி, அவர்கள் எழுப்பும் இரைச்சலில் என்லிலுக்குத் தூக்கம் கெடுகிறது. அதற்காகக் கொள்ளைநோய், வறட்சி, இறுதியில் வெள்ளம். வெள்ளத்துக்குப் பின் படையல் இல்லாமல் பட்டினி கிடந்த தெய்வங்கள், தப்பியவன் இட்ட பலியின் மணத்துக்கு ஈக்களைப்போல மொய்க்கிறார்கள். கடைசியில் ஓர் ஏற்பாடு: மக்கள் இனிமேல் மிகுந்துவிடாதபடி மலடும் குழந்தைச் சாவும் விதிக்கப்படுகின்றன. ஆதியாகமத்தில் நோவா இட்ட பலியின் ‘சுகந்த வாசனை’ அப்படியே இருக்கிறது. ஆனால் அடுத்த அதிகாரத்தின் முதல் வசனம், பலுகிப் பெருகி பூமியை நிரப்புங்கள் என்பது. இதற்குமேல் எப்படி மறுத்துப் பேசுவது?

படைப்புக் கதைகள் உலகம் எப்படி உண்டானது என்பதைவிட, உலகத்தில் யார் வேலை செய்ய வேண்டும் என்பதைச் சொல்லவே பெரும்பாலும் எழுதப்பட்டன என்பது என் எண்ணம். யார் வகுத்தது என்று எவரும் கேட்டுவிடாதபடி, வேலைப் பங்கீட்டை முதல் நாளிலேயே எழுதிவைத்துவிடுகிறார்கள். உங்கள் நண்பர் நாசதீயத்தைக் காட்டிச் சிரித்தாரல்லவா? அது ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 129-ஆம் பாடல். அதே மண்டலத்தில் 90-ஆம் பாடலாகப் புருஷ சூக்தம் இருக்கிறது என்று அவருக்கு நினைவூட்டுங்கள். அங்கேயும் ஓர் உடல் பலியிடப்பட்டுப் பங்கிடப்படுகிறது. வாய் பிராமணன், தோள் அரசன், தொடை வைசியன், பாதங்களிலிருந்து சூத்திரன். பின்னால் வந்த மனுஸ்மிருதியின் முதல் அத்தியாயம், மற்ற மூவருக்கும் மனம் கோணாமல் ஏவல் செய்வது ஒன்றே சூத்திரனுக்கு இடப்பட்ட தொழில் என்று அதை விரித்துச் சட்டமாக்குகிறது. சூத்திரர் யார் என்று ஆராய்ந்து 1946-இல் அம்பேத்கர் வெளியிட்ட நூலின் முதல் அத்தியாயமே இந்தச் சூக்தத்தைப் பற்றியது. வேறு சமூகங்களிலும் வகுப்புகள் இருந்தன. அந்தப் பிரிவினையைப் படைப்பின் இலட்சிய அமைப்பாகவே உயர்த்தியது இங்கேதான் என்பது அவருடைய சினம். என்லிலின் வாசலில் நின்ற கூட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த அத்தியாயத்தைப் படித்தால் அதன் கூர்மை இன்னும் தெரியும்.

இப்போது ஆதியாகமம் முதல் அதிகாரத்துக்கு வாருங்கள். பெரும்பாலான ஆய்வாளர்கள் அதைப் பாபிலோனியச் சிறையிருப்புக் காலத்தையோ அதற்குச் சற்றுப் பிந்திய காலத்தையோ சேர்ந்த, ஆலயக் குருக்களின் மரபில் வந்த எழுத்து என்கிறார்கள். கி.மு. 597-இலும் 586-இலும் எருசலேமிலிருந்து மக்கள் நாடு கடத்தப்பட்டார்கள். யூதாவின் அரசன் யோயாக்கீனுக்கும் அவன் மகன்கள் ஐவருக்கும் அளந்து கொடுத்த எண்ணெயின் கணக்கு எழுதிய பலகைகள் பாபிலோன் அரண்மனையிலேயே கிடைத்து 1939-இல் அச்சேறின. அரசனுக்கு எண்ணெய் கிடைத்தது, குடிகளுக்கு? எசேக்கியேல் தீர்க்கதரிசி சொல்லும் கேபார் நதி உண்மையில் நிப்பூர் நகரத்துப் பகுதியின் கால்வாய். அந்தப் பக்கத்தில் அல்-யாகூடு, அதாவது யூதாவூர், என்ற பெயரிலேயே ஒரு குடியிருப்பு இருந்ததைக் காட்டும் பலகைகளின் ஒரு தொகுப்பு 2014-இல் வெளியானது. வாற்கோதுமைக் கடன், பேரீச்சை குத்தகை, வெள்ளிப் பாக்கி, அரசனுக்குச் செய்ய வேண்டிய ஊழியம் என்று அவை நீள்கின்றன. கால்வாய்க் கரையில் பெயர்த்து நடப்பட்டு, பிறருடைய நிலத்தில் விளைவித்துக் கொடுத்த மக்கள் அவர்கள். மனிதன் மண்கூடை சுமக்கவே உண்டாக்கப்பட்டவன் என்று கதை சொல்லும் நாட்டில் அவர்கள் அப்படித்தான் வாழ்ந்தார்கள்.

அந்த மக்களின் கதையில் தேவன் தாமே வேலை செய்கிறார், எஸ். ஆறு நாள் வேலை. போர் இல்லை, பிணம் இல்லை, ஏவலுக்கு ஆள் இல்லை. மனிதனைப் படைத்தபின் தம் வேலையை அவன்மேல் இறக்கிவைத்துவிட்டு ஓயவில்லை; முழுவதையும் தாமே முடித்துவிட்டு ஓய்கிறார். அசீரிய அவைக் கடிதங்களில் அரசன் ஒருவனே தெய்வத்தின் சாயல் என்று புகழப்படுகிறான். இங்கே ஆணும் பெண்ணுமாக மனிதர் அனைவரும் அந்தச் சாயல். பாபிலோனில் தெய்வங்களுக்கு மட்டும் உரியதாக இருந்த ஓய்வு, யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தில் வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் மிருகஜீவனுக்கும் வாசலில் இருக்கும் அந்நியனுக்கும் கட்டளையாகிறது. அதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது படைப்பு: கர்த்தர் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார், ஆகவே. ஏழு நாள் என்பதை அறிவியல் கணக்காகப் பார்த்து வெட்கப்படுகிறீர்களே, அந்த ஏழின் பயன் இது. கூலியாளின் நாட்காட்டி அது. இந்த வாதத்தையும் மிகைப்படுத்தக் கூடாது. அடுத்த அதிகாரத்திலேயே அடிமையை எப்படி வைத்துக்கொள்வது என்ற சட்டங்கள் வரிசையாக வருகின்றன. அடிமைமுறையை அந்த நூல் ஒழிக்கவில்லை. ஆனால் அடிமை என்பவன் படைப்பின் நோக்கம் என்று எழுத மறுத்துவிட்டது.

இந்த ஓய்வுநாளின் எடையை நான் அறிந்தது நூல்களிலிருந்து அல்ல. என் தாத்தா தேரிக்காட்டு ஓரத்துச் சிற்றூர் ஒன்றில் உபதேசியாராக இருந்தவர். சபை முழுவதும் பனையேறிகள். பதநீர்க் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஆண்கள் வருவதில்லை; வந்தாலும் பாதியில் வந்து பின்வரிசையில் நிற்பார்கள். தாத்தா நாலாம் கட்டளையை வைத்து அவர்களைக் கண்டித்துக்கொண்டே இருப்பார். நான் சிறுவனாக இருந்தபோது ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வெளியே வந்தவரிடம், இடுப்பில் அரிவாள்பெட்டியோடு, நெஞ்சில் பனஞ்செதில் கீறிய தழும்புகளோடு வந்து நின்ற ஒருவர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது: “அய்யா, பாளை ஞாயித்துக்கிழம பாக்குமா? ஒருநாள் சீவாம விட்டா வாய் அடைச்சிக்கிடும். பொறவு அந்தப் பாளைல ஒரு சொட்டு வராது. மரக்காரர்ட்ட வாங்குன முன்பணத்துக்கு நான் என்னத்தச் சொல்ல?” காலையும் மாலையும் பாளையின் நுனியை மெல்லிய சீவலாகச் சீவிக்கொண்டே இருக்க வேண்டும், இறக்கிய பதநீரை அன்றன்றே அவர் மனைவி விடிலி என்ற ஓலைக்குடிசையில் காய்ச்சிக் கருப்பட்டியாக்க வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு ஏழாம் நாள் என்று ஒன்று கிடையாது.

தாத்தா பதில் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துப் பங்குக் கணக்கில் ஒருநாள் பதநீர் மரத்தின் சொந்தக்காரரான மரக்காரருக்கு, மறுநாள் பதநீர் ஏறுகிறவருக்கு. அடுத்த ஞாயிறு தாத்தா பனையேறிகளை விட்டுவிட்டு, முன்வரிசையில் அமர்ந்திருந்த மரக்காரரை நோக்கிப் பிரசங்கித்தார். ஓய்வுநாளில் அவன் மரத்தில் ஏறித்தான் ஆகவேண்டும் என்றால், அந்த நாளின் பதநீர் எந்த வாரமானாலும் ஏறியவனுக்கே சேர வேண்டும், அதில் பங்கு கேட்பவன் கட்டளையை மீறுகிறான் என்றார். அந்த அறுவடைப் பண்டிகைக்கு மரக்காரர் வீட்டிலிருந்து காணிக்கை வரவில்லை. சில மாதங்களில் தாத்தாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று ஆச்சி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். தாத்தா அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவருக்கு அத்ராஹசிஸ் என்ற பெயர்கூடத் தெரியாது. ஆனால் வேதத்தின் படைப்புக் கதையை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொன்னார். உங்கள் போதகரிடமும் காணொளிக்காரரிடமும் இல்லாத வாசிப்பு அந்த மனிதரிடம் இருந்தது என்று நினைக்கிறேன்.

இரண்டு படைப்புக் கதைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டு மரபுகள் ஒரே சுருளில் அருகருகே வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டாம் அதிகாரத்தின் நான்காம் வசனத்தின் நடுவில் தையல் தெரிகிறது. பிரெஞ்சு அரசன் பதினைந்தாம் லூயியின் மருத்துவர்களில் ஒருவரான ஜான் ஆஸ்த்ரூக் 1753-லேயே தம் பெயர் போடாமல் இதைப் பற்றி நூல் வெளியிட்டுவிட்டார். இரண்டாவது கதை உழவனின் கதை. மழை இல்லை, நிலத்தைப் பண்படுத்த மனிதன் இல்லை என்று அது தொடங்குகிறது. மனிதன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் வைக்கப்படுகிறான். அந்த அளவில் அது பாபிலோனுக்கு நெருக்கமானதுதான். ஆயினும் அங்கே வேலை மனிதன் படைக்கப்பட்ட காரணமாக நின்றாலும், முகத்தின் வேர்வை சாபமாகப் பிறகுதான் வருகிறது. தொகுத்தவர்கள் முரண்பாட்டைப் பார்க்கத் தெரியாத மூடர்கள் என்று எண்ணாதீர்கள். இரண்டையும் விட்டுவைக்கும் துணிவு அவர்களுக்கு இருந்தது.

நாள் என்றால் யுகம் என்ற விளக்கத்தை விட்டுவிடுங்கள். சூரியனுக்கு முன்பே மரம் முளைத்துவிடுகிறது. நாளை எவ்வளவு இழுத்து நீட்டினாலும் வரிசை ஒத்துவராது. பெருவெடிப்பு விவகாரமும் அப்படியே. அந்தக் கோட்பாட்டுக்கு 1931-இல் வித்திட்ட ஜார்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். 1951-இல் பன்னிரண்டாம் பயஸ் பாப்பரசர் அறிவியல் படைப்பை உறுதிப்படுத்திவிட்டது என்ற தொனியில் பேசியபோது அதை விரும்பாதவர் அந்த லெமேத்ரே. நாசதீயமோ, இதையெல்லாம் மேலே இருந்து பார்ப்பவன் அறிவான், அல்லது அவனும் அறியானோ என்று முடிகிற பாடல். அதைப் போய் இயற்பியல் பாடநூல் ஆக்குவதற்கு உங்கள் நண்பரை நீங்கள் கண்டித்திருக்க வேண்டும், தலைகுனிந்திருக்கிறீர்கள்.

ஒரு வேலை தருகிறேன். யாத்திராகமம் 20-ஐயும் உபாகமம் 5-ஐயும் அடுத்தடுத்து வைத்து ஓய்வுநாள் கட்டளையை மட்டும் படியுங்கள். முதலாவது, தேவன் ஓய்ந்ததால் நீயும் ஓய்ந்திரு என்கிறது. இரண்டாவது படைப்பைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதனால் உன் வேலைக்காரனும் உன்னைப்போல இளைப்பாறட்டும் என்கிறது. பிறகு ஆமோஸ் எட்டாம் அதிகாரம். ஓய்வுநாள் எப்போது முடியும், எப்போது மரக்காலைக் குறைத்துத் தானியத்தை விற்கலாம் என்று காத்திருக்கும் வியாபாரிகள் அங்கே வருகிறார்கள், கி.மு. எட்டாம் நூற்றாண்டு ஆட்கள், பாபிலோனுக்குப் போகும் முன்பே. மூன்றையும் படித்துவிட்டு எழுதுங்கள். அந்தக் காணொளியைப் பற்றி இன்னொரு கடிதம் வந்தால் பதில் எழுத மாட்டேன்.

அன்புடன்.